வெளிநாட்டு ஃபேஷன் இதழ்ப் படங்களிலிருந்து ராமநாதபுரம் கடற்கரைக்கு எதைக் கொண்டுவரலாம்?

கேட்டிருப்பது இதுதான்: எமனேசுவரம் கைத்தறிச் சேலைகளைத் தனுஷ்கோடி, அரியமான், ஏர்வாடி பக்கம் வைத்துப் படம் எடுக்க வேண்டும். அதற்காக அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, இத்தாலிய, ஜப்பானிய இதழ்களிலிருந்து படங்களைச் சேர்த்தாயிற்று. ஒவ்வொரு நாட்டுப் படத்துக்கும் ஒரு தனிச் சாயல் தெரிகிறது. அது எங்கிருந்து வருகிறது, அதில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும்?

சாயலில் பெரும்பங்கு வெயிலின் கோணம். அடுத்தது, அந்தப் பக்கம் எதற்காக அச்சாகிறது என்பது: உடையை விற்கவா, இதழின் பெயரை நிலைநிறுத்தவா, விளம்பரம் தருபவர் மனம் கோணாமல் இருக்கவா. மூன்றாவது ஆள் பலமும் பண பலமும். 'பிரெஞ்சு ரசனை', 'ஜப்பானிய அழகுணர்வு' என்று பேசப்படுவதெல்லாம் இந்த மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான், அது கொஞ்சம்தான் மிஞ்சும். இந்த வரிசையில் பார்த்தால், சேர்த்து வைத்த படங்களில் பாதியை நம் கரையில் எடுக்கவே முடியாது என்பதும், மீதிப் பாதியை அங்கே இருப்பவர்களைவிடச் சுலபமாக எடுக்கலாம் என்பதும் விளங்கும்.

ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. இதழின் நாடு வேறு, படத்தின் நாடு வேறு. வோக் ஃபேஷன் இதழின் பிரிட்டிஷ் பதிப்பில், 1990 ஜனவரி அட்டையில் நவோமி கேம்ப்பெல், லிண்டா இவாஞ்சலிஸ்டா, டாட்யானா பாட்டிட்ஸ், கிறிஸ்டி டர்லிங்டன், சிண்டி கிராஃபோர்டு என்ற மாடல்கள் ஐவரும் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் நியூயார்க் தெருவில் எடுத்தது. எடுத்த பீட்டர் லிண்ட்பெர்க் ஜெர்மானியர். இத்தாலிய வோக்கின் முகமாகவே பல ஆண்டுகள் இருந்த புகைப்படக்காரர் ஸ்டீவன் மைசெல் நியூயார்க் நகரத்துக்காரர். மாத இதழ்கள் சுமார் மூன்று மாதம் முன்னதாகவே படம் எடுத்துவிடும். ஜூன் இதழின் கோடை உடையை பிப்ரவரி, மார்ச்சில் எடுத்தாக வேண்டும், அப்போது லண்டனிலும் பாரிஸிலும் குளிர் விட்டிருக்காது. அதனால்தான் படக்குழு வெயில் தேடிப் பறக்கிறது. ஆகவே ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இதழ், மாதம், ஆண்டு, எடுத்த இடம் நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். நாட்டின் பெயரை மட்டும் வைத்து அடுக்கினால் தவறான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

படத்தைப் படிப்பதற்கு நிழலில் தொடங்குங்கள். தரையில் விழும் நிழல் ஆளின் உயரம் அளவே இருந்தால் சூரியன் 45 டிகிரியில் இருக்கிறது. உயரத்தைப்போல் ஐந்தரை மடங்குக்கு மேல் நீண்டிருந்தால் 10 டிகிரிக்கு அருகில். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் நேர்வெயில் அல்லது சிறிய ஃப்ளாஷ். ஓரம் கரைந்திருந்தால் மேகமோ பெரிய துணித்திரையோ. பிறகு கண்மணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே தெரியும் வெள்ளைப் புள்ளி வட்டமா, சதுரமா, அடிவானம் முழுவதுமா என்பது விளக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து அடிவானக் கோடு உடம்பின் எந்த இடத்தில் வெட்டுகிறது, கால் தெரிகிறதா, உடையின் கீழ்விளிம்பு முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்ப்பட்டியல்: முடி, மேக்கப், நகம், அரங்கப் பொருள், தயாரிப்பு என்று எத்தனை பேர். அந்தப் பட்டியலின் நீளம்தான் செலவின் அளவு.

இனி வெயில். ராமேசுவரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது, பாரிஸ் 49-க்குப் பக்கம், லண்டன் 51.5. இந்த வித்தியாசம் படத்தில் எப்படி இறங்குகிறது பாருங்கள். லண்டனில் டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலேயே சூரியன் 15 டிகிரிக்கு மேல் ஏறாது. காலையில் ஒன்றே முக்கால் மணி நேரம், மாலையில் அதே அளவு, 10 டிகிரிக்குக் கீழேயே ஊர்ந்துகொண்டிருக்கும். மேகம் விலகினால் அந்த நாள் முழுக்கப் பக்கவாட்டு வெயில். நம் கரையில் அதே டிசம்பரில் சூரியன் உதித்து 10 டிகிரி ஏறுவதற்கு முக்கால் மணி நேரம்தான், மார்ச்சில் 40 நிமிடம். உச்சிக்கு வரும்போது மார்கழியிலேயே 57 டிகிரி. சித்திரை பிறக்கும் நாள்களில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, கொடிக்கம்பத்துக்கும் நிழல் இல்லாமல் போகும். புருவத்தின் நிழல் கண்ணை மூடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், சேலையின் கொசுவ மடிப்புகள் தட்டையாகிவிடும்.

ஆகவே நீண்ட பொன்வெயிலில் எட்டு உடைகளை நிதானமாக எடுத்த ஐரோப்பியத் தொடரைப் பார்த்து இங்கே திட்டம் போடாதீர்கள். இங்கே விடிந்த பின் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் இரண்டு சேலை. முதல் சேலை இருட்டிலேயே கட்டி, பின் குத்தி, மாடல் இடத்தில் நின்றிருந்தால் மூன்று. அதற்குமேல் ஆசைப்பட்டால் எல்லாமே அரைகுறையாக முடியும். ஜனவரியில் இங்கே சூரியன் ஏறத்தாழ ஆறரைக்கு உதிக்கிறது, அப்படியானால் மேக்கப் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கியாக வேண்டும்.

அமெரிக்க இதழ்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அசைவு. 1933-இல் ஹார்ப்பர்ஸ் பஜாருக்காக மார்ட்டின் முங்காச்சி என்ற ஹங்கேரியர், விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுத்துப் பழகியவர், லாங் ஐலண்ட் கடற்கரையில் லூசில் புரோக்காவை நீச்சலுடையும் மேலங்கியுமாக ஓடவிட்டு எடுத்தார். அதுவரை ஸ்டூடியோவில் சிலைபோல் நின்றுகொண்டிருந்த மாடல்கள் அதன்பின் வெளியே வந்து நடக்கவும் குதிக்கவும் ஆரம்பித்தார்கள். 1988-இல் லிண்ட்பெர்க் சாண்டா மோனிகா கடற்கரையில் இளம் மாடல்கள் பலருக்கு வெறும் வெள்ளைச் சட்டை போட்டுவிட்டுச் சிரிக்கவிட்டு எடுத்த படங்களை அமெரிக்க வோக்கின் அப்போதைய ஆசிரியர் கிரேஸ் மிராபெல்லா ஏற்கவில்லை. அதே ஆண்டு பொறுப்பேற்ற அன்னா வின்டூர் அதே லிண்ட்பெர்க்கை அழைத்து நவம்பர் அட்டையை எடுக்கவைத்தார். ஒரே நாடு, ஒரே இதழ், ஒரே ஆண்டு. ஆசிரியர் மாறியதும் சாயல் மாறிவிட்டது.

அசைவை எடுக்க இங்கே காற்று தாராளமாக இருக்கிறது. ஷட்டர் 1/1000 நொடிக்குக் குறையக் கூடாது, முந்தானையின் நுனி 1/500-இல்கூட மங்கிவிடும். மாடலை ஓடவிட வேண்டாம், சேலையில் ஓடினால் கொசுவம் கலையும். ஈர மணலில் ஆறு எட்டு வைத்து நடந்து வரச் சொல்லி, நான்காவது எட்டில் தொடர்ந்து ஐந்தாறு படம். உலர்ந்த மணலில் கால் புதைந்து நடை தள்ளாடும். அலை வந்து போன ஈரப்பட்டைதான் நடக்கத் தோதானது.

பிரிட்டன் என்றால் நினைவில் வைக்க வேண்டிய படங்கள் 1990 ஜூலை 'தி ஃபேஸ்' இதழில் வந்தவை. கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் 16 வயது மாடல் கேட் மாஸை கோரின் டே எடுத்தார், உடைத் தேர்வு மெலனி வார்டு. பெரிய விளக்கு, அரங்கம் எதுவும் இல்லை; காற்றில் பறக்கும் முடி, சுருக்கிய மூக்கு, சாதாரண வெளிச்சம். சிறிய குழுவுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த மென்மையான சாம்பல் வெளிச்சம் வேண்டுமானால் நம்மூரில் ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு நடுவே வரும் மப்பும் மந்தாரமுமான நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை எடுக்கலாம், நேரக் கெடுபிடி இல்லை. மழைக்கு ஒதுங்க ஒரு வேன் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரெஞ்சு வோக்கின் 1970-கள் என்றால் ஹெல்முட் நியூட்டன், கி புர்தான் என்ற புகைப்படக்காரர்கள் இருவரும். வன்மையான ஒளி, ஆழமான நிழல், பெண் பணிந்து நிற்காத பார்வை. 1975-இல் பாரிஸின் ஓப்ரியோ தெருவில் இரவு விளக்கில் நியூட்டன் எடுத்த இவ் சான் லோரான் கோட்டுசூட்டுப் படம் இதற்கு உச்சம். பலரும் இதைப் பார்த்துவிட்டு, 'வன்வெயில்தானே, நம்மிடம் நிறைய இருக்கிறதே' என்று மதியம் பன்னிரண்டுக்கு மாடலை நிறுத்துகிறார்கள். பிரெஞ்சுத் தென்கரையில் நடுக்கோடையிலேயே உச்சிச் சூரியன் 70 டிகிரிக்கு மேல் ஏறாது. அங்கே மற்ற நேரங்களில் ஒளி முன்னாலிருந்து சாய்ந்து வந்து கன்ன எலும்பைச் செதுக்கும். இங்கே பங்குனி, சித்திரையில் மதிய ஒளி மேலிருந்து கொட்டி முகத்தை அழிக்கும். அந்த வன்மை வேண்டுமானால் மார்கழி, தையில் காலை ஒன்பதேகால் முதல் பத்துவரை. பத்து மணி வாக்கில் சூரியன் 45 டிகிரியில் இருக்கும். முகத்தைச் சூரியனை நோக்கிச் சற்றுத் திருப்பி, மூக்கின் நிழல் கன்னத்தோடு நின்றுவிடும்படி வைத்தால் அந்தச் சாயல் வந்துவிடும். அடர்ந்த ஒரே நிறச் சேலை, அகலச் சரிகைக் கரை இதற்குப் பொருந்தும். பொடிக்கட்டம், மெல்லிய கோடு எல்லாம் வன்வெயிலில் கண்ணை உறுத்தும்.

இத்தாலிய வோக்கை ஃப்ராங்கா சொட்சானி 1988 முதல் 2016 வரை நடத்தினார். அங்கே உடை கதைக்குள் வரும் பாத்திரம். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த 2010-இல், ஆகஸ்ட் இதழில் மைசெல் எடுத்த தொடரில் மாடல் கிறிஸ்டன் மக்மெனமி கறுப்பு எண்ணெய் பூசிய கடற்பறவைபோலப் பாறையில் கிடக்கிறார். அந்த இதழின் வாசகர் உடை வாங்குவதற்காக அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை; சொட்சானி காட்டிய துணிவுக்குப் பின்னால் விளம்பரப் பணமும் இருபதுக்கு மேற்பட்ட பக்கங்களும் இருந்தன. ஒரு சேலைக் கடைக்கு இது ஒத்துவராது என்பது என் தீர்மானமான கருத்து. கதை வலுக்க வலுக்கச் சேலை பின்னுக்குப் போகும். செலவையும் பாருங்கள்: 2020 ஜனவரி இதழை ஒரு ஷூட்டும் இல்லாமல் ஓவியங்களாலேயே வெளியிட்டபோது, அதற்கு முந்தைய செப்டம்பர் இதழின் எட்டுத் தொடர்களுக்காக 150 பேர், சுமார் 20 விமானப் பயணம், 40 கார்கள், 60 சர்வதேசப் பார்சல்கள் தேவைப்பட்டதாக அதன் ஆசிரியரே எழுதினார்.

ஜப்பானிடம்தான் நமக்கு அதிக வேலை. 1970-இல் தொடங்கிய ஆன்ஆன், 1971-இல் தொடங்கிய நான்னோ ஆகிய இதழ்களைப் பார்த்து, 'இது பட்டியல்போல் இருக்கிறதே' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பட்டியல்தான், அதுவே அதன் பலம். ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு சிறு படங்கள், பின்னணி வெட்டி எடுத்த துணிகள், ஒவ்வொன்றுக்கும் விலை, கடை, அளவு. மாடலின் உயரமும் சென்டிமீட்டரில். ஒரே பாவாடையை மாதம் முழுக்க எதனோடெல்லாம் சேர்த்துப் போடலாம் என்று நாளுக்கு ஒரு படம். ஷோய்ச்சி அவோகி 1997 முதல் 2017 வரை நடத்திய ஃப்ரூட்ஸ் இதழ் இன்னும் எளிமை: ஹராஜுகு தெருவில் நடப்பவரை நிறுத்தி, தலை முதல் கால் வரை, நேர்ப்பார்வை, விளக்கு கிடையாது, பக்கத்தில் அவருடைய வயது, வேலை, போட்டிருப்பது எங்கே வாங்கியது. உங்கள் படப்பிடிப்பில் ஒவ்வொரு சேலைக்கும் இப்படி நான்கு படம் கட்டாயம்: முன்பக்க முழு உருவம், பின்பக்கத்தில் முந்தானை விரித்தது, கரையும் உடலும் சேரும் இடம் ஒரு சாண் அளவு, துணியைக் கையில் பிடித்து ஒளி ஊடுருவக் காட்டும் படம். கடைசிப் படத்தில்தான் நூலின் நெருக்கம் தெரியும். கைத்தறி வாங்குபவர் தேடுவது அதைத்தான். இந்த நான்கையும் முடித்துவிட்டு அழகுப் படத்துக்குப் போங்கள்.

இந்தியாவில் ஃபெமினா 1959-இலும், எல் இதழின் இந்தியப் பதிப்பு 1996-இலும், வோக் இந்தியா 2007 அக்டோபரிலும் வந்தன. இங்கே அட்டையில் பெரும்பாலும் திரை நட்சத்திரம், உள்ளே கல்யாண உடை. நாம் மறக்கக் கூடாத பாடம் வோக் இந்தியாவின் 2008 ஆகஸ்ட் இதழ். ஏழைக் கிராமத்து மனிதர்கள் கையில் பர்பெரி குடை, குழந்தையின் கழுத்தில் ஃபெண்டி எச்சில்துணி, பக்கத்தில் பொருளின் பெயர் உண்டு, ஆளின் பெயர் இல்லை. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடும் கண்டனம் எழுந்தது. மீனவர் குடியிருப்பு, வலை பின்னும் முதியவர், பாசி எடுக்கும் பெண்கள் என்று 'பின்னணி' தேடும் எவருக்கும் அந்த இதழ் கண்முன் நிற்க வேண்டும்.

இப்போது கரைக்கு வருகிறேன். நம் மாவட்டத்தின் பெரிய வரம், ஒவ்வொரு கரையும் ஒவ்வொரு திசையைப் பார்ப்பது. அரியமான் வடக்கே பாக் நீரிணையைப் பார்க்கிறது. மாடலுக்குப் பின்னால் கடலை வைத்தால் கேமரா வடக்கு நோக்கும். ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் தெற்கே இருப்பதால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து மாடலின் முகத்தில் விழும். நிறம் துல்லியமாக வரும், கடல் நீலமாகத் தெரியும், ஒளியை முகத்துக்குத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் தட்டி வேண்டாம். குறை என்னவென்றால் மாடல் கண்ணைச் சுருக்குவார். கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கும்போது எடுங்கள். மதியம் சவுக்குத்தோப்பின் ஓர நிழல் கைகொடுக்கும், ஆனால் தோப்புக்குள் ஆழமாகப் போனால் இலை வழியே பொட்டுப் பொட்டாக வெயில் விழுந்து சேலையில் புள்ளி போட்டதுபோல் ஆகிவிடும்.

ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் எல்லாம் தலைகீழ். கரை தெற்கே மன்னார் வளைகுடாவைப் பார்க்கிறது. கடலைப் பின்னால் வைத்தால் அதே மாதங்களில் சூரியன் மாடலின் முதுகுக்குப் பின்னால். முடியின் ஓரமும் முந்தானையும் ஒளிவிடும், முகம் இருண்டுபோகும். மெல்லிய பருத்திச் சேலையை ஒளி ஊடுருவக் காட்ட இதுதான் இடம். முகத்துக்கு வெள்ளை ரிஃப்ளெக்டர் தேவை. வெள்ளிப்பக்கத்தைத் திருப்பினால் கண் கூசும், முகமும் எண்ணெய் வழிந்ததுபோல் மின்னும். சித்திரையிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை சூரியன் வடக்கே சாய்வதால் இந்தக் கணக்கு மாறும். தேவிபட்டினம், தொண்டி கரை கிழக்குப் பார்த்தது, விடியலில் சூரியன் கேமராவுக்கு எதிரே. அங்கே தண்ணீர் ஆழமில்லாமல் அமைதியாக இருப்பதால் நிழலுரு பிரதிபலிக்கும். நீர் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் சமதளக் கரையில் அதுவே வெகுதூரம் சேற்றையும் ஒதுங்கிய கடற்புல்லையும் வெளியே காட்டிவிடும். முந்தின நாள் அதே நேரத்தில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைவரை நிலம் தென்கிழக்காக நீள்கிறது. இடதுபுறம் ஊர்க்காரர்கள் பெண் கடல் என்று சொல்லும் அமைதியான பாக் நீரிணை, வலதுபுறம் ஆண் கடல் என்னும் மன்னார் வளைகுடா. காலைச் சூரியன் பெண் கடல் பக்கம், மாலைச் சூரியன் ஆண் கடல் பக்கம். ஒரு சாலையைக் கடந்தால் ஒளியின் திசையே மாறுவது வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் இருட்டுவதற்கு முன்பே பயணிகளை வெளியேற்றிவிடுவார்கள், அதனால் அந்தி வெளிச்சத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். மின்சாரம் கிடைக்கும் என்றும் எண்ணாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடும் ஊரோடும் மக்கள் மாண்ட இடம் அது. சிதைந்த தேவாலயச் சுவரில் ஏறி நிற்பது, பலிபீடம் இருந்த இடத்தில் மாடலை உட்காரவைப்பது வேண்டாம். சுவர்கள் பவளக்கல்லால் ஆனவை, ஏறினால் உதிரும்.

காற்று தனி விஷயம். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது தனுஷ்கோடியில் மணல் முழங்கால் உயரத்துக்குப் பறந்து காலில் குத்தும், லென்ஸுக்குள் புகும். அந்த மாதங்களைத் தவிருங்கள். தை, மாசிதான் நல்ல காலம். காற்று தணிவு, வானம் தெளிவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும்; வண்ணப் படகுகள் பின்னணியாக வேண்டுமானால் அந்த நேரம். உச்சிவெயிலின் தொல்லை இருப்பதால் காலை எட்டோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

சேலையைக் காற்றில் நிற்கவைக்க, கொசுவத்தின் உள்மடிப்புகளில் கீழ்விளிம்புக்கு ஒரு அங்குலம் மேலே, வலையில் கோக்கும் சிறிய ஈயக்குண்டுகளைத் துணியில் பொதிந்து நான்கைந்து இடத்தில் தையல் போட்டுத் தொங்கவிடுங்கள். மண்டபம், பாம்பனில் வலைச்சாமான் கடைகளில் கிடைக்கும். பின் குத்தினால் துணி கிழியும், குண்டால் கிழியாது. தோள்பட்டையில் இரட்டைப் பக்க டேப், அதன்மேல் ஒரே ஒரு பின். முந்தானை பறக்கும் படத்துக்கு உதவியாளர் நுனியைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டுப் படச்சட்டத்துக்கு வெளியே ஓடட்டும். காற்றையே நம்பினால் அது முகத்தை மூடும் படங்கள்தான் மிஞ்சும். கஞ்சி போட்ட பருத்தி கடல் ஈரத்தில் சீக்கிரமே துவண்டுவிடும். அதனால் ஐந்தரை மீட்டரையும் மடிக்காமல், அட்டைக்குழாயில் சுருட்டி, பிளாஸ்டிக் உறையிட்டு எடுத்துப்போய், கட்டும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள். பட்டில் உப்புநீர் பட்டால் கறை நிற்கும், சரிகை கறுக்கும். அலையில் கால் நனைக்கும் படத்துக்குப் பருத்தி மட்டும். அன்றே நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட வேண்டும்.

கேமரா அமைப்பில் பலரும் தவறுவது வெளிச்ச அளவில். வெண்மணலும் கடலும் கேமராவின் மீட்டரை ஏமாற்றி முகத்தை இருட்டாக்கும். தானியங்கி முறையில் எடுத்தால் ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இருமடங்கு). உச்சிவெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/250 நொடியில் எஃப்/11-க்குப் பக்கம் வரும். ஃப்ளாஷோடு அசைவில்லாத படத்தை அதே 1/250-இல் எடுத்து, பின்னணியை மங்கலாக்க எஃப்/2.8 வேண்டுமென்றால் நான்கு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் போட வேண்டும். அந்த வெயிலை ஈடுகட்ட கேமரா மேல் வைக்கும் சிறு ஃப்ளாஷ் போதாது. 400 முதல் 600 வாட்-நொடி பேட்டரி ஃப்ளாஷை ஒன்றரை மீட்டர் நெருக்கத்தில் வைத்தால்தான் எடுபடும். சாஃப்ட்பாக்ஸ் ஸ்டாண்டின் காலில் 15 கிலோ மணல்மூட்டை, கூடவே ஒரு ஆள் கையால் பிடித்திருக்க வேண்டும். குடை வகையை இந்தக் கரையில் விரிக்கவே வேண்டாம். முழு உருவத்துக்கு 85 மி.மீ. லென்ஸில் 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். 35-இல் 2 மீட்டர் போதும், ஆனால் கால் நீண்டு தலை சிறுத்துச் சேலைக் கரையின் அகலம் பொய்யாகத் தெரியும். கேமரா இடுப்பு உயரத்தில். அடிவானக் கோடு கழுத்தை வெட்டக் கூடாது, இடுப்போடோ முழங்காலோடோ போகட்டும்.

கறுத்த, மாநிறத் தோலுக்கு ஐரோப்பிய இதழின் ஒளியமைப்பை அப்படியே போட்டால் படம் செத்துப்போகும். வெளிர்தோல் ஒளியை வாங்கிப் பரப்பும். கறுத்த தோல் ஒளியின் வடிவத்தைப் பளபளப்பாகத் திருப்பிக் காட்டும். அதனால் ஒளியின் அளவைக் கூட்டுவதைவிட, ஒளிமூலத்தைப் பெரிதாக்கிப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஆறுக்கு ஆறு அடி வெள்ளைத்துணி போதும், இரண்டு பேர் பிடிக்கலாம். மேக்கப்பில் இரண்டு நிறம் வெளுத்த பவுண்டேஷன் வேண்டவே வேண்டாம். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று கடற்கரை வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

லென்ஸ் மாற்றுவதைக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்ததும் வெளியே திறந்தால் உள்ளே நீர் பூக்கும். பையிலேயே அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகட்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் உலர்துணி. உலர்துணியை முதலில் போட்டால் உப்புப்பொடி கண்ணாடியைக் கீறும்.

அனுமதி விஷயத்தில் கடலோரக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், வணிகப் படப்பிடிப்பு என்பதை மறைக்காதீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, எல்லைக்கடலும் பக்கம். டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல், அனுமதி இல்லாமல் டிரோன் எடுக்கவே எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே படப்பிடிப்பு நினைப்பே வேண்டாம். பவளத்துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் அலங்காரப் பொருளாக வைக்கக் கூடாது, வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். மீனவரின் நாட்டுப்படகான வல்லத்தில் ஏறுவதற்கு முன் உரிமையாளரைக் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், காயும் வலையை மிதிக்காதீர்கள். வல்லத்துக்கு ஒரு நாள் வாடகை, படத்தில் வரும் உள்ளூர் ஆளுக்கு மாடலுக்குரிய ஒப்பந்தத்தாளும் அன்றைய கூலிக்குக் குறையாத பணமும். அவர் சம்மதித்தால் பெயர்ப்பட்டியலில் அவருடைய பெயரும் தொழிலும்.

கணினியில் திருத்தும்போது உடம்பை ஒல்லியாக்காதீர்கள். பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல் விளம்பரப் படத்தில் மாடலின் உடலமைப்பைத் திருத்தினால் 'திருத்திய படம்' என்று அச்சிட்டாக வேண்டும். தவறினால் 37,500 யூரோ வரை அபராதம். நமக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், இடுப்பைச் சுருக்கினால் சேலையின் கட்டமும் கோடும் சேர்ந்து வளையும், வாங்குபவர் கண்ணுக்கு உடனே தெரியும். நிறத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். ஒவ்வொரு சேலைக்கும் முதல் படத்தில் சாம்பல் அட்டையை மாடல் கையில் கொடுத்து எடுங்கள், ஒளி மாறும்போதெல்லாம் மறுபடி ஒன்று. கடல் ஒளி நிழல் பக்கத்தில் நீலத்தை ஏற்றும், மணல் தாடைக்குக் கீழே மஞ்சளை ஏற்றும். இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். அரக்கு, கத்தரிப்பூ, மயில்கழுத்து மூன்றும் கேமராவில் அதிகம் பிசகும் நிறங்கள். திருத்தி முடித்த படத்தை ஒரு சாதாரண கைபேசியில் திறந்து, அதே சேலையை ஜன்னலோரம் வடக்கு வெளிச்சத்தில் விரித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை அந்தப் படத்தை வெளியிடாதீர்கள். மயில்கழுத்துபோல் இரண்டு நிற நூல் ஓடும் சேலைக்கு ஒரு படத்தில் ஒத்துப்போகவே போகாது. அதற்கு நேர்கோணத்தில் ஒன்று, சாய்கோணத்தில் ஒன்று என்று இரண்டையும் போட்டு, பாவு என்ன நிறம், ஊடை என்ன நிறம் என்று கீழே எழுதிவிடுங்கள்.